விளிம்பில் இருந்த பெயர்

எங்கள் நைனார்பாளையத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என் வீட்டு வழியாகப் போகிறவர்கள், திண்ணையில் நாலு பேர் ஒரு சிறு தகட்டைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். புதையல் பங்கு போடுகிறார்கள் என்று ஊரில் ஒரு சாரார் சொல்லுகிறார்கள். கள்ளப் பணத்துக்கு அச்சு வார்க்கிறார்கள் என்பது இன்னொரு சாராரின் கட்சி. இவ்விரண்டிலும் சேராத தனி அபிப்பிராயம் ஒன்று என் மனைவிக்கு உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

உண்மையில் நாங்கள் செய்கிற காரியம் மிகவும் சாதுவானது. பழைய யுத்தப் பதக்கங்களையும், சிப்பாய்த் தொப்பிச் சின்னங்களையும், பித்தளைப் பொத்தான்களையும் தேடிப் பிடித்து, அவை எந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவை, யாருடைய மார்பில் தொங்கியவை என்று துப்புத் துலக்குகிறோம். நால்வரில் மூத்தவர் சுபேதார் ஐயா. பெங்களூரில் உள்ள மதராஸ் எஞ்சினியர் குரூப்பில் சேவை செய்து ஓய்வு பெற்றவர். 1971-ம் வருஷத்து யுத்தத்தில் கிழக்கு முனையில் இருந்ததற்காகக் கிடைத்த பூர்வி ஸ்டாரைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இரண்டாமவர் நகை வேலை செய்யும் பத்தர். மூன்றாமவர் சின்னசேலத்தில் பாங்கிக் குமாஸ்தாவாக இருப்பவர். அவருடைய தகப்பனார் 1942-ல் சிறை சென்றவர். நான்காவது பேர்வழி நான். ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். எம்.ஏ. படித்ததில் கிடைக்காத சரித்திரம் இந்தத் திண்ணையில் எனக்குக் கிடைத்தது என்று சொன்னால், என் பேராசிரியர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பதக்கம் என்றால் ராஜாவின் முகத்தைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பார்த்தேன். முதல் நாளே சுபேதார் ஐயா என் கையிலிருந்து பதக்கத்தை வாங்கி, ரூபாயைச் சுண்டுகிறவர் போல் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்து, "வாத்தியாரே, ராஜா முகம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். விளிம்பைப் பாருங்கள்" என்றார். 1914-ல் தொடங்கிய மகாயுத்தத்தில் சேவை செய்தவர்களுக்குப் பிரிட்டிஷ் ஸர்க்கார் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். எடை ஏறக்குறைய ஓர் அவுன்ஸ். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் ஆடையில்லாத ஒரு குதிரை வீரன். குதிரையின் குளம்பின் கீழே ஜெர்மானியக் கழுகு பொறித்த கேடயமும் ஒரு மண்டையோடும். இவ்வளவும் லட்சக்கணக்கான பிரதிகளில் ஒரே அச்சு. ஆனால் விளிம்பைச் சுற்றிலும் பொடி எழுத்தில் ஓர் எண், ஓர் உத்தியோகப் பெயர், ஒரு மனிதனின் பெயர், ஒரு பட்டாளத்தின் பெயர் இவை நான்கும் குத்தப்பட்டிருக்கும். அது அந்த ஒரு பதக்கத்துக்கு மட்டுமே சொந்தம்.

இதை வாசிப்பது சாமானியமான வேலையல்ல. முதலாவது விரோதி புளி. நம்முடைய பெண்மணிகள் எந்தப் பண்டத்தையும் பளபளவென்று வைத்துக்கொள்ளுகிறவர்கள். குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையும் சாம்பலையும் தாத்தாவின் பதக்கத்துக்கும் போட்டு, தலைமுறை தலைமுறையாகத் தேய்த்து, ராஜாவின் மூக்கோடு தாத்தாவின் பெயரையும் கரைத்துவிடுகிறார்கள். எங்கள் திண்ணையில் முதல் சட்டம், வந்த பதக்கத்தைத் துலக்கக் கூடாது என்பதே. இருட்டறையில் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மெல்லிய காகிதத்தை விளிம்பின்மேல் சுற்றிப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் காகிதத்தில் வரும். இரண்டாவது விரோதி மோசக்காரர். ஒரு சாதாரணச் சிப்பாயின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலை போகக்கூடிய வேறு பெயரை வெட்டி வைப்பார். ராவிய பதக்கம் 36 மில்லிமீட்டர் இராது. பத்தரின் அளவுகோலில் அகப்பட்டுக்கொள்ளும். அச்சில் அடிக்காமல் வார்ப்பில் எடுத்த போலியும் குளிரும்போது சுருங்குவதால் சற்றுச் சிறிதாகவே இருக்கும். ஊசிமுனைத் துளைகளும் காணப்படும். நேதாஜி படையின் சின்னங்கள் என்று எங்களிடம் மூன்று முறை வந்தவற்றைப் பார்த்து, ஆசையோடு கையில் எடுத்து, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது தொல்லை எழுத்தர்களால் வந்தது. தமிழ்ப் பெயர்களை இங்கிலீஷில் எழுதிய அந்தக் காலத்துப் பட்டாள ரைட்டர்கள், முனுசாமியை மூனிசாமியாக்கி, ஏழுமலையை யாரும் அடையாளம் காண முடியாத பிராணியாக்கி வைத்தார்கள். தகப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஒரே பட்டாளத்தில் பத்துப் பெருமாள்கள் இருந்தால், எந்தப் பெருமாள் என்று சொல்லக் கூடியது அந்த எண் ஒன்றுதான். இது நினைவிருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பாங்கிக் குமாஸ்தா எங்கள் கூட்டத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கேள்வி போட்டார். "அடிமைப்படுத்தியவன் கொடுத்த கூலி இது. இதைப் போற்றி வைப்பது நமக்கு அழகா? காந்தி மகாத்மாவுக்குப் போயர் யுத்தத்துக்காக ஒன்று, ஸூலு யுத்தத்துக்காக ஒன்று, கெய்ஸர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் ஒன்று, ஆக மூன்று பதக்கங்கள் இருந்தன. 1920-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி மூன்றையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். நாம் என்னடாவென்றால் பொறுக்கிப் பொறுக்கிப் பெட்டியில் வைக்கிறோம்" என்றார். சுபேதார் ஐயாவின் மீசை துடித்ததை நான் கண்டேன். ஆனால் அவர் கோபிக்கவில்லை. "மகாத்மாவுக்கு விலாசம் இருந்தது, திருப்பி அனுப்பினார். நம் ஊர்க்காரனுக்குத் தன் விலாசமே தெரியாமல் போயிற்றே" என்று மட்டும் சொன்னார். அன்று இருவரும் ஒருவரை யொருவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் குமாஸ்தா அடுத்த மாதமும் வந்தார். இப்பொழுது எங்களில் அதிகப் பைத்தியம் அவருக்குத்தான்.

விலாசம் தெரியாமல் போனது என்பது வெறும் பேச்சல்ல. வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டுக் கல்லில், அவ்வூரிலிருந்து 277 பேர் மகாயுத்தத்துக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறது. யார் அந்தப் பதினால்வர் என்று கல் சொல்லவில்லை. அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் சுமார் 74,000. நாம் இவர்களுடைய ஜயந்தியையும் கொண்டாடவில்லை, திவசமும் செய்யவில்லை. வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்கள் என்று நாமும் ஒதுக்கினோம், கறுப்பு மனிதர்கள் என்று அவர்களும் ஒதுக்கினார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் மகாயுத்தப் பாடம் நடத்திய மறுநாள் ஒரு பையன் தன் ஜாமெட்ரிப் பெட்டியைத் திறந்து, மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு வட்டத் தகட்டை எடுத்து நீட்டினான். "ஸார், இது எந்தக் கோயில் அம்மன்? எங்க பாட்டி மாடத்தில் வைத்துக் கும்பிடுகிறாள்" என்றான்.

இரண்டு இறக்கைகளை விரித்து நிற்கும் ஒரு பெண். அது வெற்றித் தேவதை. மகாயுத்தம் முடிந்தபின் நேச தேசங்கள் தத்தம் வீரர்களுக்குக் கொடுத்த வெண்கலப் பதக்கம் அது. மறுபக்கத்தில், நாகரிகத்துக்காக நடந்த மகாயுத்தம் என்று பொருள்படும் வாசகமும் 1914-1919 என்ற வருஷங்களும் உண்டு. நாகரிகத்துக்காக நடந்ததாம்! பையனுடைய வீடு ஊருக்குக் கிழக்கேயுள்ள காலனியில். மதராஸ் ஸாப்பர், பயோனீர் பட்டாளங்களில் அந்தக் காலத்தில் ஆதிதிராவிட மக்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பாட்டியின் பாட்டனார், நான் குடியிருக்கும் இதே தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்க முடியாதவராக இருந்து, மெஸபொடேமியாவுக்குப் போய் ராஜபாட்டை போட்டார் என்பதை அந்தத் தகடு சொல்லிற்று. பையனிடம் இதை எப்படிச் சொல்லுவது என்று எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. பாட்டியின் அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறன்று பென்சிலும் காகிதமும் வேலை செய்தன. நாலு இலக்க எண் ஒன்று வந்தது. அதன்பின் 'ஸாப்பர்' என்பதன் சுருக்கம். பிறகு பெயர். கடைசியில் இரண்டாவது விக்டோரியா மகாராணி ஸாப்பர் அண்டு மைனர் பட்டாளம். சுபேதார் ஐயா எழுந்து நின்றுவிட்டார். அதுதான் இன்றைய மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் பழைய பெயர். அந்தப் பட்டாளத்துச் சிப்பாய்க்குச் செல்லப் பெயர் 'தம்பி' என்பது. "நம்ம தம்பி" என்று இரண்டு முறை சொன்னார். எழுபது வயதைக் கடந்தவர், நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போனவரைத் தம்பி என்று அழைத்ததில் யாருக்கும் வேடிக்கை தோன்றவில்லை.

ஸாப்பரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குடும்பத்தார் வேண்டாமென்று சொன்னார்கள்.

அப்பொழுது பத்தர் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "வெற்றிப் பதக்கம் தனியாக ஒருவருக்கும் கொடுத்ததில்லையே. இவருக்கு வெள்ளியும் வந்திருக்க வேண்டுமே?"

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏனென்றால் அந்தப் பெயரை நான் வேறோர் இடத்தில் வாசித்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் கள்ளக்குறிச்சியில் ஓர் அடகுக் கடையில், மீட்கப்படாத கொலுசுகளோடு கிடந்த வெள்ளிப் பதக்கம் ஒன்றை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். என் சேகரத்தில் முதல் பண்டம் அதுதான். தொங்கவிடும் கொம்பை அறுத்துவிட்டு, யாரோ ஒரு வளையத்தை ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். குழந்தைக்கு அரைஞாணில் கோத்திருப்பார்கள் போலும். பற்று, எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மூடியிருந்தது. மற்றவை தெளிவாகவே இருந்தன. அதே பெயர், அதே பட்டாளம், எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் அவையே.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அதை எடுத்து வந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே வாதாடினேன். இரண்டு மாதம் இப்படிக் கழிந்தது. மூன்றாவது ஞாயிறன்று பதக்கத்தை வெளியே கொண்டு வந்து வைத்தேன். எல்லோரும் குதித்தார்கள். பத்தர் உடனே பற்றை எடுத்துவிடலாம் என்றார். "வேண்டாம், சூடு பட்டால் வெள்ளிக்குச் சேதம்" என்று நான் தடுத்தேன். பத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஈயம் எவ்வளவு சூட்டில் உருகும், வெள்ளி எவ்வளவு சூட்டில் உருகும் என்பதை அவருக்கா நான் சொல்லித் தருவது? பற்று அப்படியே இருக்கிற வரையில் பதக்கம் என்னுடையது. அதுதான் என்னுடைய ரஸாயன சாஸ்திரம். இதை அவரும் அறிந்துகொண்டார். நானும் அவர் அறிந்ததை அறிந்துகொண்டேன்.

மறுநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பத்தர் பட்டறைக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் பதக்கத்தை வைத்தேன். அவரும் ஒன்றும் பேசாமல் கரியைக் கிளறி, ஊதுகுழலை வாயில் வைத்து, சுடரின் நுனியை வளையத்தின்மேல் மட்டும் படும்படி ஊதினார். வெள்ளி நிறம் மாறுவதற்கு முன்பே ஈயம் வியர்த்துத் துளித்தது. இடுக்கியால் வளையத்தை எடுத்தார், பஞ்சால் ஒற்றினார். பற்று மூடிப் பாதுகாத்த அந்த இடத்தில் இரண்டு இலக்கங்களும் நேற்று அடித்தவை போல் இருந்தன. நான் பையிலிருந்து பென்சில் காகிதத்தை எடுத்து ஒத்துப் பார்க்கவில்லை. எண் எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

குமாஸ்தா தம் கைபேசியில் காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷனின் பதிவேட்டைத் தேடினார். எண்ணைப் போட்டதும் ஸாப்பர் கிடைத்தார். இறந்தது 1917. ஊரின் பெயர் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தாலும், கள்ளக்குறிச்சி, தென்னாற்காடு என்பவை சரியாக இருந்தன. நினைவுச் சின்னம் பஸ்ராவில். அங்கே 40,000-க்கு மேற்பட்டவர்கள் நினைக்கப்படுகிறார்கள். சதாம் ஹுஸேன் 1997-ல் அதைப் பெயர்த்து நாஸிரியா போகும் வழியில் பாலைவனத்தில் நிறுத்தினார். அந்தச் சுவரில் பிரிட்டிஷ் சோல்ஜர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ பட்டாளத்தின் பெயரும், இத்தனை பேர் என்ற தொகையுமே. பெயர்கள் பதிவேட்டோடு நின்றன. ஆப்பிரிக்கரும் ஆசியரும் பெரும்பாலாக 45,000 முதல் 54,000 பேர் வரை இப்படிச் சமமில்லாமல் நினைக்கப்பட்டார்கள் என்று அந்தக் கமிஷனின் அறிக்கையே 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. கமிஷன் மன்னிப்பும் கேட்டது.

இதைக் கேட்டபோது எனக்குச் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வந்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் அது. மாடு மீட்கும் சண்டையில் விழுந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து எஜமானனுக்குக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷங்களாக நாய்க்குப் பெயர் இருக்கிறது. குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் காலனிக்குப் போனோம். சுபேதார் ஐயா தம் பூர்வி ஸ்டாரைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். பாட்டியம்மாள் வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தாள். வயது எண்பது இருக்கும். வெள்ளிப் பதக்கத்தை நான் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கண்ணீர் விடுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்றெல்லாம் என் மனம் முன்கூட்டியே சித்திரம் எழுதி வைத்திருந்தது. அவள் அதை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"ஆமாம், வாத்தியாரையா. ரெண்டு தகடும், பெரிசா வெண்கலத் தட்டு ஒண்ணும் தபாலில் வந்துதாம். தட்டைப் பாத்திரக்காரன்கிட்டப் போட்டுக் குண்டான் வாங்கினாங்க. வெள்ளியை வித்துத்தான் எங்க பாட்டி ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கினாங்க. அந்த ஆட்டை வச்சித்தான் எங்கப்பாவை வளர்த்தாங்க. அதோட வம்சம்தான் அது" என்று கொட்டிலைக் காட்டினாள். ஏழெட்டு ஆடுகள் தழை தின்றுகொண்டிருந்தன.

"அப்படியானால் இது உங்களிடமே இருக்கட்டும், அம்மா" என்றேன்.

"அதெப்படி? வித்த பொருளைச் சும்மா வாங்கினா வீட்டுக்கு ஆகாதுங்க. வாத்தியாரையா எவ்வளவு கொடுத்தீங்க?"

எவ்வளவு மறுத்தும் அவள் விடவில்லை. 1,400 ரூபாய் என்ற தொகை எப்படியோ பையன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவனுக்கு அதைச் சொன்னது குமாஸ்தாவாகத்தான் இருக்க வேண்டும். பணம் இல்லை என்றாள் பாட்டி. எழுந்து போய்க் கொட்டிலிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியைப் பிடித்து வந்து கயிற்றை என் கையில் கொடுத்தாள். "ஆட்டுக்குப் போனது, ஆட்டுக்கே வரட்டும்" என்று சொல்லிவிட்டு, என்னைக் கவனிக்காமல், மாடத்தில் இறக்கை அம்மனுக்குப் பக்கத்தில் வெள்ளிப் பதக்கத்தைச் சாய்த்து வைக்கலானாள். முதலில் ராஜாவின் முகம் வெளியே தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், குதிரையும், வாளும், காலடியில் மண்டையோடும் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஐயனாரு!" என்றாள். ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஐயனாருக்குக் குங்குமம் வைத்தாயிற்று. புளி போட்டுத் துலக்காதீர்கள் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். சுபேதார் ஐயா வாசலில் விறைப்பாக நின்று ஸல்யூட் அடித்தார்.

ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு என்பதைவிட அதனால் இழுக்கப்பட்டு என்பதே சரி, ஊர் பார்க்க நான் வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி வாசலில் நின்றாள். நான் விவரத்தை யெல்லாம் சொல்லி முடிக்கும்வரையில் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கயிற்றை வாங்கித் திண்ணைத் தூணில் கட்டினாள்.

"பத்து வருஷமாகச் சேர்த்ததில் பால் கறக்கிற சாமான் இது ஒன்றுதான்" என்றாள்.